அடுத்தவள் நிரை

அன்று காலை அந்த மருத்துவமனை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கட்டிலில் அம்மா. கால்மாட்டில் நான். எங்களைத் தன் காரில் ஏற்றிவந்த வீட்டுக்கார ருக்மணி அக்கா. அம்மாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர். அப்பா இல்லை. அவர் இடுக்கி மலைமேல், சித்திரபுரத்தில், எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருந்து முதல் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கணக்கில் அறையில் ஐந்து பேர்.

"இவ யாருலே, என் பக்கத்துல படுத்துக் கிடக்கா? கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லு" என்றார்.

அங்கே யாரும் இல்லை. அம்மாவின் இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே கிடந்தது.

"கை சில்லுன்னு இருக்கு. காய்ச்சக்காரி போல. என் வளையலை எடுத்துப் போட்டிருக்கா பாரு. போட்டுக்கிடட்டும், நீ கேக்காத."

ருக்மணி அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏனுங்க தம்பி, அம்மா யாரைச் சொல்றாங்க?" என்று காதோரம் கேட்டார். கேட்டபடியே கட்டிலின் இடப்பக்கத்திலிருந்து இரண்டடி விலகி நின்றுகொண்டார்.

இதை எழுதுவது இதே நோயோடு வீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக. நான் மருத்துவன் அல்ல. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் மருத்துவர் பேசும்போது எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள், எனக்குப் புரியும் என்று. எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

அம்மா என்னோடு ஒரு வாரம் இருக்கலாம் என்று எலப்புள்ளிக்கு வந்திருந்தார். நான் வாடகைக்கு இருப்பது ருக்மணி அக்கா வீட்டின் பின்பகுதி. வரும்போது ஒரு துணிப்பையில், பாதி வேலை முடிந்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பாவுக்காகத் தைப்பது. மலையில் குளிர் வந்தால் அப்பாவுக்கு மூச்சு இழுக்கும்.

அறுகோணத் துண்டுகளை ஒட்டித் தைக்கும் போர்வை அது. தோட்டத்துப் பெண்கள் குழுவில் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். காகிதத்தில் ஆறுமூலைத் துண்டு வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தைத்து, ஒன்றோடொன்று விளிம்பில் இணைக்க வேண்டும். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. அம்மா ஒன்பது சுற்று தைத்திருந்தார். மொத்தம் இருநூற்று எழுபத்தொரு துண்டுகள். உள்ளே இருந்த காகிதமெல்லாம் என் பழைய பள்ளி நோட்டுகள். எல்லாம் தைத்து முடிந்ததும் காகிதங்களைப் பின்பக்கமிருந்து உருவி எடுத்துவிட வேண்டும். பிறகு அடித்துணி, நடுவில் பஞ்சு, மேலே இது என்று மூன்றையும் அடுக்கி, சேர்த்துப் பிடிக்க ஒரு தையல் போட வேண்டும். அந்தத் தையலை எந்த வடிவத்தில் போடுவது என்பதை மட்டும் அம்மா முடிவு செய்யாமல் வைத்திருந்தார்.

காகிதம் உருவியது, தலை கனக்கிறது என்று அவர் சொன்ன நாளில். இரவு எட்டு மணிக்கு நான் தோசை ஊற்றிக் கொடுத்தேன். வலப்பக்கத்துத் தோசையைச் சாப்பிட்டார். தட்டின் இடப்பக்கத்தில் சட்னி அப்படியே இருந்தது.

"சட்னி புடிக்கலியாம்மா?"

"வச்சாத்தானே புடிக்கும், புடிக்காது."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். தூங்கிவிட்டோம். விடியும்போது அவர் கட்டிலின் இடப்பக்கமாகக் கீழே விழுந்து கிடந்தார்.

"கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. அவர் அதை மூன்று தடவை கேட்டார். பக்கவாதத்தில் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு ஒரு பகுதி செயலிழப்பது) இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தொடங்கிய நேரத்திலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நான் சட்னியை நினைத்துக்கொண்டு, "இரவு எட்டு மணிக்கே சரியில்லை" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த நேரம் தாண்டிவிட்டது என்றார்.

சி.டி. ஸ்கேனில் வலது மூளையின் பின்மேல் பகுதியில் பாதிப்பு தெரிந்தது. கை பலவீனத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு என்றார் மருத்துவர். இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காமல் போவது). அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அம்மா வட்டம் போட்டார். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை அழகாக எழுதினார். ஏழு முதல் பதினொன்று வரை இல்லை. "முடிஞ்சிருச்சுங்க சார்" என்று பேனாவைக் கொடுத்தார்.

"கையை வேறு யாருடையதோ என்று சொல்வதும் இதில் ஒரு வகைதான். பைத்தியம் இல்லை, பேயும் இல்லை. பயப்படாதீர்கள்" என்றார் மருத்துவர். "ஆனால் இடப்பக்கத்தை அவர் திரும்பப் பிடிக்காத வரை ஒரு மணி நேரம்கூடத் தனியே விடக் கூடாது. அடுப்பு, படி, சாலை, எல்லாமே ஆபத்து."

நான் வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அப்பா வந்தார். பத்து நாள் இருந்தார். முதல் நாள் கட்டிலின் இடப்பக்கம் உட்காரப் போனவர், அம்மா முகம் மாறியதைப் பார்த்துவிட்டு நின்றார். பிறகு அந்தக் கையைப் பார்த்து, "எம்மா, நீ யாரு பெத்த புள்ளையோ, கொஞ்சம் தள்ளிக்கோ. நடந்து வந்தது காலு வலிக்கி" என்றார். அம்மா சிரித்துவிட்டார். "அவ பேச மாட்டா. பாவம், ஊமை போல" என்றார். அப்பாவும் சிரித்தார். வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். விடுப்பு தீர்ந்ததும் மலையேறிவிட்டார். அதன் பிறகு நான்தான் சம்பளமில்லா விடுப்பில் அம்மாவோடு இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வாரம் இருமுறை ஷீபா என்ற மலையாளித் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குபவர்) வந்தார். அவர் எனக்குக் கொடுத்த முதல் கட்டளை எளிமையானது.

"முத்து, எப்போளும் அம்மாவோட இடது சைடுல உட்காரணும், கேட்டோ? சோறும் தண்ணியும் அந்த சைடுல இருந்தே குடுக்கணும். அம்மா தேடட்டே."

நான் அதைச் செய்யவில்லை. செய்தேன் என்று அவரிடம் பொய் சொன்னேன். காரணம் இதுதான். வலப்பக்கம் உட்கார்ந்தால் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், பேசினார், தலையைக் கோதினார். இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் அங்கே இல்லை. இருமினாலும் இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டால், அந்தக் குரலை வலப்பக்கத்துச் சுவரில் தேடினார். பெற்றவளின் முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தும் நாம் அதன் பார்வையில் இல்லாமல் போவது என்ன என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நான் தினமும் எழுந்து வலப்பக்கம் போய்விடுவேன். கொஞ்ச நாளில் நானும் சுவரோரமாக, இடப்பக்கத்தில் ஓர் ஆள் அகலம் இடம் விட்டே கட்டிலைச் சுற்றி நடந்தேன். ருக்மணி அக்காவும் அப்படித்தான் நடந்தார்.

மூன்றாம் வாரம் அம்மா போர்வையைக் கேட்டார்.

"குளிரு வருது. உங்கப்பா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. எடுத்துட்டு வாடா. காயிதமெல்லாம் உருவிட்டேன். தையல் வடிவம் மட்டும் பாக்கணும்."

ஷீபாவுக்கு மகிழ்ச்சி. இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சொல்லச் சொல்ல நான் மூன்று அடுக்கையும் விரித்தேன். மடித்திருந்த மேல்துணியின் வலது ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். காகிதம் இல்லை. நிமிர்த்திப் போட்டு, நகராமலிருக்க நீளநீளமாகத் தற்காலிகத் தையல் போட்டேன். இடப்பக்கம் ஊசி சற்று முரண்டியது. சரசர என்று கேட்டது. அடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் பாயின் சத்தம் என்று நினைத்தேன்.

வடிவத்துக்கு என்னிடம் மூன்று யோசனைகள் இருந்தன. கட்டத்தாள் வாங்கி மூன்றையும் வரைந்துவைத்தேன்.

முதலாவது, ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும் ஓரத்தைவிட்டுக் கால் அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு அறுகோணம். அம்மா ஆசைப்பட்டது அதைத்தான். "பூவுக்குள்ள பூ மாதிரி இருக்கும்" என்றார். இரண்டாவது, குறுக்கே ஓடும் நேர்கோடுகள். மூன்று திசையிலும் ஓடினால் நடுவே நட்சத்திரங்கள் விழும். மூன்றாவது, நடுத்துண்டில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளியே வரும் ஒரே சுருள்.

முதலாவதில் ஒரு சிக்கல். ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிந்துவிடும். அம்மா வலப்பக்கத்துத் துண்டுகளை மட்டும் தைத்துவிட்டு முடிந்தது என்பார். ஒன்றும் அவரை இடப்பக்கம் கூப்பிடாது. நேர்கோடும் அப்படித்தான். வலது ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிச்சுப் போட்டுவிடுவார். சுருள் மட்டும்தான் தானாக இடப்பக்கம் போய்த் திரும்பும். போகாவிட்டால் நூல் திரும்பி வராது. ஷீபாவிடம் காட்டினேன். "இது மதி, இது மதி" (இதுவே போதும்) என்று தாளைத் தட்டினார்.

அம்மாவிடம் சுருளைக் காட்டினேன். தாளில் அவர் கண்ணுக்குப் பாதி வளையங்கள்தான் தெரிந்தன. "இது என்னடா, வானவில்லை வரைஞ்சு வச்சிருக்க" என்றார். போர்வையின்மேல் அவர் வலது விரலைப் பிடித்து, நடுவிலிருந்து சுருளின் வழியே நகர்த்தினேன். விரல் இடப்பக்கம் இறங்கியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அங்கிட்டு வேண்டாம்."

"ஏம்மா?"

"அது அவ பக்கம். அவ மேல குத்திரும்."

"அங்க யாரும் இல்லம்மா. உன் கைதான்."

"நீ படிச்சவன். உனக்குக் கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா?" என்றார். கோபமில்லாமல், எனக்குப் பாடம் சொல்வதுபோல. "அவளும் தெனம் பேசுதா. இந்த நாலு நாளா. சரசரன்னு. என்ன சொல்லுதான்னு புரிய மாட்டேங்கு."

ஊமை என்று சொல்லப்பட்டவள் பேசத் தொடங்கியிருந்தாள். மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். குரல் கேட்பது நல்லதல்ல, வலிப்பாக இருக்கலாம், கவனித்துச் சொல்லுங்கள் என்றார்.

கவனித்தேன். அடுத்த ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மின்சாரம் இல்லை. மின்விசிறி நின்றிருந்தது. வாளையார் பக்கமிருந்து வரும் காற்றும் அன்று இல்லை. அம்மா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேலே அந்த முடியாத போர்வை; விரித்துத் தைத்த நாளிலிருந்து அவர் அதையே போர்த்திக்கொண்டார். வலது கை போர்வைக்கு வெளியே, நெஞ்சின்மேல் இருந்தது. வெயில் சன்னலில் நின்றது. நான் நாற்காலியில், வழக்கம்போல வலப்பக்கம்.

சரசர.

கட்டிலின் இடப்பக்கத்திலிருந்து. யாரோ பழைய தாள் ஒன்றை மெதுவாகப் பிரிப்பதுபோல.

மறுபடியும் கேட்டது. போர்வையின் இடது பாதி, அம்மாவின் உடம்புக்குச் சற்று அப்பால், ஒரு நெல்லிக்காய் அளவுக்கு உயர்ந்து தாழ்ந்தது. அங்கே ஒருத்தி படுத்திருக்கிறாள் என்று நான் நம்பினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அரை நிமிடம் அப்படித்தான் நம்பினேன். எழுந்து, எத்தனையோ நாட்களுக்குப் பிறகு இடப்பக்கம் போய், போர்வையின் நுனியைத் தூக்கினேன்.

ஐந்து விரல்கள். அவற்றில் இரண்டு, சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும், துணியைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அம்மாவின் வளையல் போட்ட கை. அது என் அம்மாவின் கை என்று எனக்குத் தோன்றவில்லை. போர்வையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினேன்.

வாசல்படிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக அசையாத கை அது.

அன்று மாலை அப்பாவைத் தொலைபேசியில் பிடித்தேன். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. அவர் வளைவு ரோட்டுக்கு வந்து நின்று பேசுவார். கை அசைந்ததைச் சொன்னேன். பிறகு போர்வையைச் சொன்னேன். சுருள், இடப்பக்கம், 'அவ பக்கம்' என்று அம்மா மறுப்பது, எல்லாம்.

"நீ என்ன சொன்ன?" என்றார்.

"அங்க யாரும் இல்லன்னு சொன்னேன்."

"அட கிறுக்குப் பயலே. இருவத்தாறு வருசம் கொழுந்து எடுத்தவகிட்ட அப்படிச் சொல்லலாமா? அடுத்தவ நெரையில எவளாவது கை வைப்பாளா?"

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை உண்டு. தேயிலைச் செடிகளின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடும் வழி. பக்கத்து நிரைக்காரி வரவில்லை என்றாலும், அவள் செடியில் கொழுந்து முற்றிப் போனாலும், யாரும் தொட மாட்டார்கள். கங்காணி (வேலையை மேற்பார்ப்பவர்) வந்து, எல்லார் காதிலும் விழும்படி நிரையை மாற்றிக் கொடுத்தால்தான் தொடுவார்கள். இது சட்டமில்லை, மானம். நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்துக்குப் போனதில் இதை மறந்திருந்தேன்.

"போனை அவ வலது காதுல வையி. சத்தமா வையி" என்றார் அப்பா.

வைத்தேன். எங்கள் தோட்டத்துப் பழைய கங்காணியின் குரலை அப்பா அப்படியே பேசுவார். கல்யாண வீடுகளில் அவரைச் செய்யச் சொல்லிச் சிரிப்பார்கள். வளைவு ரோட்டில் நின்று அதே குரலில் கத்தினார்.

"ஏய் பேச்சி! காது என்ன பஞ்சா? பக்கத்து நெரைக்காரி ஊருக்குப் போயிட்டா! அந்த நெரையும் இன்னைக்கு உனக்குத்தான்! கொழுந்து முத்திப் போகுது, எறங்கு!"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்தார். "வாரேங்கய்யா" என்றார், தொலைபேசியைப் பார்த்து. அப்புறம், "உங்கப்பாதான். வேற எவனுக்கு இந்தக் கொழுப்பு?" என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் போர்வையை மடியில் இழுத்து, ஊசியை எடுத்தார்.

நடுத்துண்டில் தொடங்கினார். அவர் இடக்கையை நான் துணியின்மேல் பாரமாக வைத்தேன், ஷீபா சொல்லியிருந்தபடி. மேலே, வலது, கீழே. கீழே வந்ததும் நின்றார். இடப்பக்கம் பாராமலே, உதட்டுக்குள், "நெரை மாத்திக் குடுத்துட்டாங்க தாயி. கோவிச்சுக்காத" என்றார். தலை மெல்லத் திரும்பியது. ஊசி நடுவரிசையைத் தாண்டியது.

கரக் என்றது.

ஊசி துணியில் இறங்கும் சத்தம் அல்ல அது. அம்மாவும் நின்றுவிட்டார். நான் அந்தத் துண்டைத் தடவினேன். உள்ளே விறைப்பாக ஏதோ இருந்தது. அடுத்த துண்டிலும். அதற்கு அடுத்ததிலும். தற்காலிகத் தையலைக் கத்தரித்து, மேல்துணியைத் தூக்கிப் பார்த்தேன்.

நடுவரிசை வரை ஒரு காகிதம்கூட இல்லை. அதற்கு இடப்பக்கம் அத்தனை துண்டுகளிலும் காகிதம் இருந்தது. ஆறு மூலைகளாக வெட்டுப்பட்ட என் கையெழுத்து. பாதிச் சொற்கள், பாதிக் கணக்குகள். ஒன்றுகூட உருவப்படவில்லை. எண்ணினேன். நூற்று இருபத்தாறு.

அம்மா கவிழ்த்து விரித்துக் காகிதம் உருவியதை, அவர் சொன்னபடி நான் காலடி ஓரத்தைத் தூக்கி எதிர்ப்பக்கம் புரட்டித்தான் நிமிர்த்தியிருந்தேன். அப்படிப் புரட்டினால் இடது இடதாகவே இருக்கும். ஆகவே காகிதம் உருவும்போதே அம்மாவுக்கு இடப்பக்கம் இல்லாமல் போயிருந்தது.

ருக்மணி அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு அம்மா காகிதம் உருவியது எப்போது என்று.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல உக்காந்தாங்க தம்பி. நானும் பக்கத்துலதானுங்க வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன். 'முடிஞ்சிருச்சு'ன்னு மடிச்சு வச்சாங்க. அப்பத்தான் ஸ்கூல் வண்டி ஆரன் அடிச்சுது, நான் எந்திரிச்சு ஓடுனேன்."

பள்ளி வண்டி எங்கள் தெருவுக்கு வருவது மூன்றே முக்காலுக்கு.

இங்கே ஒன்றை எழுத வேண்டும். இதுவரை தள்ளிப்போட்டேன். அன்று நான் வேலை முடிந்து ஐந்தரைக்கு வீடு வந்தேன். அம்மா நாற்காலியில் இருந்தார். நான் கதவைத் திறந்து அவர் இடப்பக்கம் நின்று, "அம்மா, வந்துட்டேன்" என்றேன். அம்மா வலப்பக்கம் திரும்பி, "முத்து? எங்கலே இருக்க?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பேசாமல் நின்றேன். "ஏலே, எங்க இருக்க?" என்று மறுபடியும் கேட்டார், சுவரைப் பார்த்து. நான் சுற்றிவந்து அவர் எதிரே குதித்து நின்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மூன்றே முக்காலோடு நான்கரை மணி நேரத்தைக் கூட்டினால் எட்டே கால். மருத்துவமனைக்கு அரை மணி நேரப் பயணம். மருத்துவரிடம் நான் சொன்ன எட்டு மணி, நோய் தொடங்கிய நேரம் அல்ல. ஊசிக்கான கதவு மூடப்போகும் நேரம். ஐந்தரைக்கு அது அகலத் திறந்திருந்தது, நான் அதன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் பழைய சீட்டில் நேரத்தைத் திருத்தி எழுதினார். "ஊசி போட்டிருந்தால் முழுதாகச் சரியாகியிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது" என்றார். "முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. இதைப் படித்தவர்களே தவறவிடுவார்கள்." ஆறுதலுக்குச் சொன்னார். படித்தவர்கள் என்ற சொல் மட்டும் எனக்குள் நின்றுகொண்டது. ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு: பக்கத்தில் நிற்கும் உங்களை ஒருவர் தேடினால், தட்டில் ஒரு பாதியை மட்டும் உண்டால், சிரிக்காதீர்கள். மணி பாருங்கள். கிளம்புங்கள்.

காகிதங்களை நானே ஒரே நாளில் உருவியிருக்கலாம். ஷீபா வேண்டாம் என்றார். அம்மாதான் எடுக்க வேண்டும். நாளுக்கு இரண்டு, மூன்று. நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். இந்தமுறை உண்மையாகவே. முதல் நாட்களில் அம்மா கை நீட்டும்போது என் முழங்காலில் இடித்து, "மன்னிச்சுக்கோ தாயி" என்றார். என்னைத்தான், அவளென்று நினைத்து. அவளாக இருப்பதில் எனக்கு அப்போது மறுப்பில்லை. குறைந்தபட்சம் அங்கே யாரோ ஒருவராகவாவது இருந்தேன்.

ஒரு மாலை, ஒரு காகிதத்தை உருவிவிட்டு, அதைப் போட இடம் தேடியவர் தலை இன்னும் கொஞ்சம் திரும்பியது. கண்கள் என் கால், மடி, சட்டைப் பொத்தான் என்று ஏறி, முகத்தில் வந்து நின்றன.

"நீ எப்படா வந்த?" என்றார்.

"இப்பத்தாம்மா."

"இங்கனயா இருந்த? அவ எங்க?"

அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

சுருளைத் தைத்து முடிக்க ஐந்து மாதம் ஆனது. வலப்பக்கத்தில் தையல் நெருக்கமாக, நேராக இருக்கிறது. இடப்பக்கத்தில் அதே கோடு நடுங்கி, அகன்று, இரண்டு இடங்களில் வழி தவறித் திரும்புகிறது. எந்தச் சுற்று எந்த வாரத்தில் போட்டது என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியும். வெளிச் சுற்றுகளில் நடுக்கம் குறைகிறது. கடைசிச் சுற்றில் துணியைப் பிடித்திருந்தது அம்மாவின் இடது கைதான், அவராகவே வைத்தது. இப்போது தனியே சமைக்கிறார். படியிறங்கும்போது இடது காலை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு இறங்குகிறார். நான் வேலைக்குப் போகிறேன்.

ஆனால் நூற்று இருபத்தாறில் ஒரு காகிதத்தை அவர் எடுக்கவிடவில்லை. இடது ஓரத்தின் கடைசித் துண்டில் அது இன்னும் இருக்கிறது. "இருக்கட்டும்டா. சத்தம் இல்லன்னா, அவ இருக்காளா போயிட்டாளான்னு எப்படித் தெரியும்?" என்றார். துவைத்தால் கூழாகிவிடும் என்றேன். "துவைக்கும்போது பாத்துக்கலாம்" என்றார்.

பேருந்தில் இன்றும் அம்மா சன்னலோரம் முழுக்கச் சாயாமல், இடப்பக்கம் ஒரு சாண் விட்டு உட்காருகிறார். நானும்தான் மாறிவிட்டேன். எந்த அறைக்குள் போனாலும் முதலில் இடப்பக்கம் பார்க்கிறேன். மூன்றே முக்காலுக்கு எங்கே இருந்தாலும், ஆரன் சத்தம் எதுவும் கேட்காமலே, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். பெரிய முள் அப்போது ஒன்பதில் நிற்கும், அம்மா வரையாமல் விட்ட பக்கத்தில்.

போன வாரம் அப்பா மலையிலிருந்து கூப்பிட்டார். போர்வை நன்றாகச் சூடு பிடிக்கிறதாம். புரண்டு படுத்தால் இடப்பக்கம் மட்டும் யாரோ சரசரக்கிறாளாம். "நான் தள்ளிப் படுத்துக்கிடுதேன், எனக்கு என்ன" என்றார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். நான் அவர் இடப்பக்கத்தில்தான் இருந்தேன்.

"முத்து, ஆசுபத்திரி, மருந்து, அந்தப் புள்ள ஷீபா வந்து போனது, எல்லாஞ் சேத்து எம்புட்டுலே ஆச்சு?"

இத்தனை மாதமும் அவர் கேட்காத கேள்வி. சொன்னேன். "ஒரு லட்சத்து நாப்பத்தாறாயிரம்மா."

அம்மா இடது கையைத் தூக்கி மடியில் வைத்து, அதன் வளையலை ஒருமுறை சுற்றிவிட்டார். சிரிக்கிறாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அதுல பாதி அவ கணக்குலடா. நமக்கு ஆனது எழுவத்து மூவாயிரம்தான்."